மூன்றாவது குண்டு

ஜூலை 9, செவ்வாய்

பதினோரு வருடமாக ஸ்டேஷனில் பொது நாட்குறிப்பு எழுதிப் பழகிய கை. யார் வந்தார், என்ன மனு, யார் ரோந்துக்குப் போனார் என்று எல்லாம் அதில் ஏறிவிட வேண்டும். இப்போது மருத்துவ விடுப்பில் வீட்டில் இருக்கிறேன். எழுதாமல் படுத்தால் நாள் முடிந்த மாதிரியே இல்லை. புது வருடத்துக்கு வெல்டிங் ராடு கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி தன் வெல்டிங் பட்டறையில் சும்மா கிடக்கிறது என்று என் வீட்டுக்காரர் எடுத்து வந்து கொடுத்தார். இடது கையில்தான் தீக்காயம். எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் மார்க்கெட் முக்கில் மணல் லாரி ஒன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் குழந்தை மேல் ஏறிவிட்டது. குழந்தை அங்கேயே போய்விட்டது. டிரைவர் ஓடி வந்து எங்கள் வேலங்கோம்பை ஸ்டேஷனுக்குள் புகுந்தான். பின்னாலேயே ஊர் வந்தது. உள்ளே எஸ்.ஐ. தவசிலிங்கம் ஐயா, கான்ஸ்டபிள் இரண்டு பேர், ஏட்டு நான், அப்புறம் அந்த டிரைவர். அவனை வெளியே அனுப்பு என்றார்கள். ஐயா முடியாது என்றார். அனுப்பியிருந்தால் அடித்தே கொன்றிருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. கல் வந்தது. பிறகு பெட்ரோல் பாட்டில். முன்னறை பிடித்துக்கொண்டது. கதவு நிலை எரிந்து என் கை மேல் விழுந்தது. கான்ஸ்டபிள்கள் டிரைவரைப் பின்சுவர் வழியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐயா வாசல் படிக்குப் போய் மூன்று முறை சுட்டார். ஒன்று வானத்தைப் பார்த்து. மற்ற இரண்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவன் முத்திருளன், அந்தக் குழந்தையின் தாய்மாமன், பத்தொன்பது வயது. இன்னொருவர் வைரவன், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கூட்டம் ஓடிவிட்டது. நான் உயிரோடு இருக்கிறேன்.

அவ்வளவுதான் நடந்தது.

ஜூலை 10, புதன்

கட்டுப் பிரிக்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேலையில் போனதால் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் அதே பேச்சுதான்.

"சுடாம என்ன செய்யச் சொல்ற? உள்ள ஒரு பொம்பளப் போலீசு இருந்துச்சாம்ல. வெந்து சாகட்டும்னு விடணுமா?"

"அதுக்குன்னு நெஞ்சப் பாத்துச் சுடுறதா? முழங்காலுக்குக் கீழ சுடணும்னு சட்டம் இருக்குல்ல?"

"தீ வெக்கிறவன் முழங்காலக் காட்டிக்கிட்டு நிப்பானாக்கும்?"

"புள்ளையப் பறிகுடுத்த வயிறு எரியத்தான செய்யும். அதுக்குத் துப்பாக்கியா?"

முதலில் பேசிய அம்மா என் பக்கம் திரும்பி, "ஒனக்கு என்னம்மா கையில?" என்றார்.

"அடுப்புல பட்டுருச்சு" என்றேன்.

நர்ஸ் பழைய துணியை உரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். சீழ் இல்லை, நல்லபடி ஆறுகிறது என்றாள்.

ஜூலை 12, வெள்ளி

எஸ்.ஐ. ஐயா பார்க்க வந்தார். ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். கல் பட்ட காதுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நான் மகப்பேறு விடுப்பு முடிந்து ஸ்டேஷனுக்கு வந்த சமயம், ஆறு மாதம் ராத்திரி டூட்டி போடாமல் பார்த்துக்கொண்டவர் அவர். அந்தக் குழந்தை தங்கவில்லை, அது வேறு கதை. அப்போதும் வீடு தேடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டை ஒட்டிய பட்டறையில் கேட் ஒன்று பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயா தீப்பொறியைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா ஜெயக்கொடி, நீ ஜன்னல்கிட்டதான நின்ன?"

"ஆமாங்கய்யா."

தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஜூலை 13, சனி

எழுத ஒன்றுமில்லை. ஒற்றைக் கையால் மாவாட்டினேன்.

ஜூலை 15, திங்கள்

இன்ஸ்பெக்டர் வந்தார். ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை வைத்திருக்கிறாராம். துப்பாக்கிச் சூடு நியாயமா, தவிர்த்திருக்கலாமா என்று பார்த்து அறிக்கை கொடுப்பார்களாம். என்னையும் கூப்பிடுவார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்ல. நீ என்ன பாத்தியோ அதத்தான் சொல்லப்போற. கதவு எரியுது, ஆளுக உள்ள வாராய்ங்க, எஸ்.ஐ. தொடர்ந்து மூணு ரவுண்டு சுட்டாரு, கூட்டம் கலஞ்சிருச்சு. முடிஞ்சது."

"சரிங்கய்யா."

"தொடர்ந்துங்கிறது முக்கியம்மா. ஒரே மூச்சுல நடந்தது. அதுக்குள்ள யோசிக்க நேரம் கெடையாது. புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

"உசுரக் காப்பாத்துன மனுசன். நான் சொல்லித் தரணும்னு இல்ல."

அவர் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. எழுந்து போகும்போது என் கைக்கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். வெந்நீர் வைத்துத் தலைக்குக் குளித்தேன். இடது கையை ஒரு நாற்காலி மேல் நீட்டி வைத்துக்கொண்டு குளிப்பது பழகிவிட்டது.

ஜூலை 17, புதன்

டி.வி.யில் நான்கு பேர் உட்கார்ந்து விவாதம். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், வக்கீல் ஒருவர், கட்சிக்காரர்கள் இரண்டு பேர். துப்பாக்கிச் சூடு சரியா, தவறா? எங்கள் ஸ்டேஷன் வாசலைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கரி படிந்த சுவர். என் மேஜை இருந்த இடத்தில் மேஜை இல்லை.

என் வீட்டுக்காரர் தட்டில் கை வைத்தபடி, "சரிதான். சுடலேன்னா நீ இன்னைக்கு இங்க இருக்க மாட்ட. எனக்கு அவ்வளவுதான் கணக்கு" என்றார்.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவிட்டு வந்து நின்றார்.

"ஆனா வைரவன் கல்லெறியுற ஆளு இல்ல, ஜெயா. நம்ம பட்டற மோட்டாருக்கு மூணு தடவ காயில் கட்டிக் குடுத்திருக்காப்ல. சத்தமாப் பேசிக்கூட நான் கேட்டதில்ல. அந்தாளு பாட்டில் எடுத்தான்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

நான் சேனலை மாற்றினேன்.

"கூட்டத்துல போனா யாரும் மாறிப்போவாய்ங்கதான்" என்று அவரே சொல்லிக்கொண்டு படுக்கப் போனார்.

ஜூலை 20, சனி

முதல் நாள் எழுதியதில் ஒரு விஷயம் சரியாக எழுதவில்லை.

ஐயா இரண்டாவது முறை சுட்டதும் முத்திருளன் படிக்குப் பக்கத்தில் விழுந்தான். அவன் கையில் திரி பற்றவைத்த பாட்டில் இருந்தது. அது கையை விட்டு உருண்டு சாக்கடைக்குள் விழுந்து அணைந்தது. கூட்டம் ஓடியது அப்போதுதான். மூன்றாவதுக்கு அப்புறம் இல்லை.

தெரு காலியாகிவிட்டது. செருப்புகள் கிடந்தன. யாரோ விட்டுப்போன காய்கறிப் பை ஒன்று பிரிந்து தக்காளி சிதறியிருந்தது. கை எரிச்சல் தாங்காமல் நான் ஜன்னலுக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கையை முக்கினேன். எடுத்தேன். மறுபடி முக்கினேன். அவ்வளவு நேரம் இருந்தது.

அப்புறம்தான் மூன்றாவது.

நாளைக்கு ஞாயிறு. கறி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

ரேஷன் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் வைரவனின் மனைவி செல்லத்தாய் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற பெண்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது, அவர் காதில் விழாமலா இருக்கும்.

"பாட்டில் எறிஞ்சவன் பொண்டாட்டி."

செல்லத்தாய் திரும்பவில்லை. கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றார். கடைக்காரர் பாமாயில் பாக்கெட்டைக் கொடுத்தபோது ஒன்று தவறிக் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தார். தெரிந்துகொண்டாரா இல்லையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சர்க்கரை, பாமாயில் வாங்கினேன். பருப்பு வரவில்லை.

ஜூலை 26, வெள்ளி

வரும் செவ்வாய்க்கிழமை எனக்கு விசாரணை. சம்மன் வந்துவிட்டது.

பேப்பரில் போட்டிருக்கிறார்கள். வைரவனுக்குக் குண்டு விலாப்பக்கம் பாய்ந்திருக்கிறதாம். பாட்டிலை எடுக்கக் குனிந்தபோது பட்டது என்று எங்கள் தரப்பு. ஓடத் திரும்பியபோது பட்டது என்று அவர்கள் தரப்பு. இரண்டு பேருமே அந்த இடத்தில் இல்லாதவர்கள். இருந்தது ஐயாவும் நானும்.

வைரவன் ஓடவில்லை. எல்லோரும் ஓடிய பிறகு எதிரே மெடிக்கல் கடை ஓரத்திலிருந்து அவர் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். முத்திருளன் விழுந்து கிடந்த இடத்துக்கு வந்து குனிந்தார். பாட்டிலுக்கு இல்லை. அது சாக்கடைக்குள் போய்விட்டது என்று எழுதினேனே. அவர் அவனைத் தூக்கக் குனிந்தார்.

எழுதிவிட்டேன். எழுதிய பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாயாலும் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஐயா அதப் பாத்தாரா?"

"தெரியல. அவரு காதுல ரத்தம். பொகை வேற. குனியுறத மட்டும் பாத்திருக்கலாம்."

"அப்ப அதச் சொல்லு. பொகையா இருந்துச்சு, எனக்குத் தெரியலேன்னு சொல்லு. அது பொய்யில்லையே."

"ஜன்னல் பக்கம் பொகை இல்லீங்க."

என் வேலை போனால் வீட்டுக்கு என்ன ஆகும் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மனுசன் சுடலேன்னா நீ இல்ல" என்றார் மறுபடி.

"அது ரெண்டாவது குண்டுங்க. அதுக்கு நான் சாகுற வரைக்கும் அவருக்குக் கடன்பட்டவதான்."

"மூணாவதுக்கு?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து மூடி வைத்தேன். விளக்கை அணைக்கும்போது சொன்னார், "செவ்வாக்கெழம நீ என்ன வேணாச் சொல்லு. காலையில டிபன் நான் கட்டித் தாரேன்."

ஜூலை 28, ஞாயிறு

பால்காரர், மேல்வீட்டு டீச்சரம்மா, இஸ்திரிக்காரர். மூன்று பேரும் என்னிடம் கருத்துச் சொன்னார்கள். இரண்டு பேருக்குச் சரி, ஒருவருக்குத் தப்பு.

ஜூலை 30, செவ்வாய்

யூனிபார்ம் போட்டுக்கொண்டு போனேன். சட்டையின் இடது கை கட்டுக்கு மேல் ஏறவில்லை. என் வீட்டுக்காரர்தான் தையலைப் பிரித்து விட்டார். டிபனுக்கு உப்புமா.

ஆர்.டி.ஓ. ஒரு பெண். சின்ன வயது, மெதுவாகப் பேசுகிறார். ஒரு பக்கம் இலாகா தரப்பு வக்கீல். இன்னொரு பக்கம் இறந்தவர்கள் தரப்பு வக்கீல், பக்கத்தில் முத்திருளனின் அப்பா. செல்லத்தாய் கடைசி வரிசையில் இருந்தார். எஸ்.ஐ. ஐயா சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஆர்.டி.ஓ. தீ, கல், கதவு எல்லாம் கேட்டார். சொன்னேன். பிறகு, "அன்னைக்குத் துப்பாக்கிச் சூடு அவசியமா இருந்துச்சா? உங்க கருத்து என்ன?" என்றார்.

"எந்தச் சூட்டக் கேக்குறீங்க மேடம்? ரெண்டாவதா, மூணாவதா?"

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். ஆர்.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டுக்கும் வேற வேற பதில் இருக்கா?"

"இருக்கு மேடம்."

இரண்டாவதைப் பற்றிச் சொன்னேன். பற்றவைத்த பாட்டிலோடு அவன் படியேறினான், உள்ளே நாங்கள் இருந்தோம், சுட்டிருக்காவிட்டால் நான் இங்கே வந்து சாட்சி சொல்ல மாட்டேன். முத்திருளனின் அப்பா எழுந்துவிட்டார். "அப்பிடின்னா எம் மகனச் சுட்டது சரிங்கிறியாம்மா? அக்கா மகளத் துணியில சுத்திக் குடுத்துட்டு வந்தவன்மா அவன்!" என்று கத்தினார். வக்கீல் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். நான் அந்த மனிதரைப் பார்த்தேன். சரி என்கிற வார்த்தை எனக்கு வரவில்லை. "வேற வழி இருந்ததா எனக்குத் தெரியலைங்கய்யா" என்றேன்.

பிறகு மூன்றாவது. தெரு காலியானது, நான் தண்ணீரில் கையை முக்கியது, வைரவன் கையைத் தூக்கிக்கொண்டு வந்தது, தூக்கக் குனிந்தது. இலாகா வக்கீல் எழுந்தார்.

"புகையில, வலியில நீங்க தப்பாப் பாத்திருக்கலாம் இல்லையா?"

"ஜன்னல் பக்கம் தெளிவாத்தான் சார் இருந்துச்சு."

"உங்க உயிரக் காப்பாத்துன அதிகாரிக்கு எதிராச் சொல்றீங்கன்னு தெரியுதா?"

"தெரியுது சார். அவருக்கு எதிரா ஒண்ணும் சொல்லல. அவரு என்ன நெனச்சாருன்னு எனக்குத் தெரியாது. வைரவன் என்ன செஞ்சாருன்னு மட்டும் தெரியும்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

வெளியே வராந்தாவில் ஐயா நின்றார். நான் சல்யூட் அடித்தேன். பழக்கம். அவர் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. திட்டுவார் என்று நின்றேன்.

"நெசமாவே தூக்கத்தான் வந்தானாம்மா?"

"ஆமாங்கய்யா."

"நான் பாட்டில்னு நெனச்சேன். அப்பிடித்தான் நெனச்சேனா, இல்ல அப்புறமா அப்பிடி நெனச்சுக்கிட்டேனான்னு இப்ப எனக்கே தெரியல. கண்ண மூடுனா பாட்டிலும் தெரியல, கையும் தெரியல. அவன் போட்டிருந்த நீலச் சட்டதான் தெரியுது." கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒன் வீட்டுக்கு வந்தன்னைக்கே கேக்கணும்னுதான் வந்தேன். கேக்க முடியல."

"அன்னைக்குக் கேட்டிருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேங்கய்யா."

"சரி. கைய நனைக்காமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஜீப் பக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்தே போனார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

விடுப்பு முடிந்ததும் மலையடிவாரத்தில் இருக்கிற வேறு ஸ்டேஷனில் சேரச் சொல்லி உத்தரவு. இரண்டு பஸ் மாற வேண்டும். இன்ஸ்பெக்டர் போனை எடுக்கவில்லை. என்னோடு அன்று உள்ளே இருந்த கான்ஸ்டபிள் ஒருவன் எதிரே வந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். முத்திருளன் வீட்டுச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பட்டறைக்குக் கொடுத்த கேட் வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு தரப்புக்கும் நான் ஆகாதவளாகிவிட்டேன். என் வீட்டுக்காரர், "போகட்டும், வேற கேட் வேலையா இல்ல" என்றார்.

கட்டை எடுத்துவிட்டார்கள். தோல் ரோஸ் நிறத்தில் இருக்கிறது. முழங்கையை முழுதாக நீட்ட வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அறிக்கை வந்துவிட்டது. முதல் இரண்டு குண்டுகள் தவிர்க்க முடியாதவை. மூன்றாவதை மேல் விசாரணைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். எஸ்.ஐ. ஐயாவைத் தற்காலிகப் பணி நீக்கம் செய்திருக்கிறார்கள். டி.வி.யில் மறுபடி நான்கு பேர்.

மத்தியானம் சமையல் முடிகிற நேரம் வாசலில் செல்லத்தாய் நின்றார்.

"ஏட்டம்மா, உள்ள வரலாமா?"

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். செம்பை வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை.

"அன்னைக்கு ரேசன் கடையில எனக்குப் பின்னாடி நின்னீக. பாத்தேன்."

"ஆமா."

"அந்தப் பொம்பளைக சொன்னது ஒங்க காதுலயும் விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

"எம் மக பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு ஒக்காந்துட்டா. அப்பா பாட்டில் எறிஞ்சாராம்மான்னு என்னையக் கேட்டா. எனக்கே தெரியல, நான் என்னத்தச் சொல்ல? ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை, தள்ளிய மாதிரியும் தெரியவில்லை. செம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, "எப்பிடிக் குனிஞ்சாரு? காட்டுங்க" என்றார்.

முதலில் புரியவில்லை.

"நீங்க பாத்தீகல்ல. எம் மககிட்ட நான் சொல்லணும். காட்டுங்க."

கட்டிலில் இருந்த தலையணையை எடுத்துத் தரையில் போட்டேன். முத்திருளன் மல்லாந்து கிடந்த மாதிரி. இரண்டடி தள்ளி நின்றேன். வைரவன் வந்த மாதிரி வந்தேன். குனிந்தேன். இடது கை முழுதாக நீளவில்லை, இருந்தாலும் நீட்டினேன். தலையணைக்கு அடியில் கையைக் கொடுத்தேன்.

"ரெண்டு கையுமா?"

"ரெண்டு கையும். அவன் ரெண்டு அக்குளுக்கும் கீழ."

"அப்ப பாட்டில எந்தக் கையில புடிச்சாராம்?"

நான் அப்படியே குனிந்திருந்தேன். என் வீட்டுக்காரர் உள்ளறை வாசலில் வந்து நின்றது தெரிந்தது.

"இப்பிடிக் குனிஞ்சா இடுப்புப் புடிச்சுக்கிரும், ஏட்டம்மா" என்றார் செல்லத்தாய். எழுந்து வந்தார். "அவரு இப்பிடித் தூக்க மாட்டாரு. பெரிய பெரிய மோட்டாரத் தூக்குற ஆளு. மொழங்கால மடக்கி ஒக்காருவாரு மொதல்ல."

என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தலையணைக்கு முன்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். இரண்டு கையையும் அதற்கு அடியில் கொடுத்தார்.

"இப்பிடித்தான?"

யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான். வைரவன் முதலில் உட்காரத்தான் செய்தார். அதை நான் ஆர்.டி.ஓ.விடம் சொல்லவில்லை. எனக்கே இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஆமா. இப்பிடித்தான்."

செல்லத்தாய் எழுந்திருக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை. தலையணையைத் தாங்கிப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அடுப்பில் சோறு கொதித்து வழிகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் போய் அணைத்தார். நான் செல்லத்தாய் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.